சிறுத்தை செத்த வருடத்து நன்றிப் பூசை

முதலில் அதை யாரோ மரம் அரியும் சத்தம் என்றுதான் நினைத்தேன். அன்று சனிக்கிழமை. மறுநாள் நடக்கவிருந்த நன்றிப் பூசைக்காகக் கோயிலுக்குள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்த மலைச்சரிவிலிருந்து, துருப்பிடித்த வாளைப் பச்சை மரத்தில் இழுப்பதுபோல அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிறகு அது மாறியது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் ஒரே அளவு வலிக்கிற ஒன்றின் சத்தமாக ஆனது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். நான் வாசலுக்கு வந்தபோது பாதர் வெறுங்காலோடு மலையேறி ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், நெஞ்சில் அடித்துக்கொண்டே, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடினார். நானும் பின்னால் ஏறினேன்.

எங்கள் கோயில் கண்டியிலிருந்து குருநாகல் போகும் வீதியில், கலகெதரவுக்குச் சற்று முன்னால், வீதியை விட்டு மேலே ஏறிப் போகிற ஒரு சரிவில் இருக்கிறது. நான் கண்டியில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதே பெரும்பாடு. சனி, ஞாயிறில் கோயிலில் பாடுவது மட்டும்தான் எனக்கென்று இருந்த வேலை. பாதர் வன்னியில் பிறந்தவர். எங்கள் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எங்களுக்கும் பழக ஒரு மழைக்காலம் பிடித்தது. உயரமானவர், கோபக்காரர். பூசையில் கைப்பேசி ஒலித்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் காய்ந்துபோன ஒரு எலுமிச்சங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து வாளி சுமப்பார்.

படைப்புக்கு நன்றி சொல்லும் பூசையை எங்கள் கோயிலில் தொடங்கியவர் அவர்தான். செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: தோட்டத்து மண், பீலித் தண்ணீர், மிளகுக்கொத்து, ஒரு கோழி. ஒருவர் கன்றுக்குட்டியைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் பீடத்தின் முன்னால் வைத்து, பாதர் தானே எழுதிய ஒரு மன்றாட்டை வாசிப்பார். மண்ணுக்காக, நீருக்காக, மரங்களுக்காக, பறவைகளுக்காக என்று அது நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் நாங்கள், "உமக்கு நன்றி, ஆண்டவரே" என்று பதில் சொல்ல வேண்டும். முதல் வருடம் சிலர் சிரித்தார்கள். பாதர் சிரிக்கவில்லை. "நன்றி எண்டு வாயால சொல்லுறது லேசு," என்றார். "கை என்ன சொல்லுது எண்டு பாருங்கோ." அடுத்த வருடம் யார் யாரிடம் சுருக்குக் கம்பி இருக்கிறதோ அதையும் பீடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். யாரும் கொண்டுவரவில்லை.

மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்கிற சுருக்கு அது. காட்டுப்பன்றி வருகிற தடத்தில் கட்டிவிட்டால் போதும். விலங்கு இழுக்க இழுக்க இறுகும். எங்கள் பக்கத்தில் கிழங்கு போட்டவர்கள் எல்லோருமே எங்காவது ஒன்று கட்டியிருந்தார்கள். பாதர் அவற்றைத் தேடி அலைந்தார். கண்ட இடத்தில் குறட்டால் வெட்டி எறிந்தார். அவருக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்பதை ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். அவருடைய சிறுவயதில் ஷெல் விழத் தொடங்கியபோது, பின்னேரம் திரும்பிவிடலாம் என்று நினைத்து வீட்டாட்கள் மாடுகளைக் கட்டியபடியே விட்டுவிட்டு ஓடினார்களாம். திரும்பிப் போக நாட்கள் ஆகிவிட்டன. போனபோது ஷெல் பட்டுச் செத்த மாடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கயிற்றை இழுத்து, கழுத்தை அறுத்துக்கொண்டு, தாகத்தில் செத்திருந்தன. நிலம் வட்டமாக உழுதுபோட்டதுபோல் இருந்தது என்றார். அதற்கு மேல் அன்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. நேரே விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டார்.

கோயில்பிள்ளை அவருக்கு வலக்கை. மணியடிப்பது, பீடம் துடைப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவர்தான். சம்பளம் என்று சொல்லக்கூடியதாக எதுவும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் நிலம் கொத்தி மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் போட்டிருந்தார். குடும்பம் சாப்பிட்டது அதைத்தான். அந்த வருடம் பன்றிகள் வந்தன. ஒரே இரவில் கிழங்கு முழுவதையும் கிளறி, கடித்து, மிதித்துச் சகதியாக்கிவிட்டுப் போயின. காவலுக்குக் கட்டியிருந்த நாய் நெஞ்சிலிருந்து தொடைவரை கிழிந்து கிடந்தது. கோயில்பிள்ளை பாதரிடம் வந்து நின்றதை நான் பார்த்தேன். வேலி போட உதவி கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகப் பாதர் சொன்னார். எழுதவும் செய்தார். பதில் வரவில்லை. கோயில்பிள்ளை இரண்டாவது முறையும் கிழங்கு நட்டார்.

அந்தச் சனிக்கிழமை மலையேறும்போதே அவர் பாதரிடம் சொல்லிவிட்டார். ஓட ஓட, மூச்சு வாங்க, "பன்னிக்குத்தான் பாதர் போட்டேன், பன்னிக்குத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுருக்கில் கிடந்தது சிறுத்தை. கம்பி அதன் இடுப்பில் விழுந்திருந்தது. மறுமுனை ஒரு கொய்யா மரத்தின் அடியில் கட்டப்பட்டிருந்தது. இழுத்த இழுப்பில் கம்பி தோலை அறுத்து உள்ளே போய், வெளியே தெரியாத அளவுக்குப் புதைந்துவிட்டது. மரத்தைச் சுற்றி நிலம் வட்டமாக உழுதுபோட்டதுபோல் இருந்தது. புல் இல்லை, செடி இல்லை, சிவந்த மண்ணும் இரத்தமும் குழைந்த சேறு மட்டும். மரத்தின் பட்டை ஆள் உயரத்துக்கு உரிந்து தொங்கியது. அதை அது கடித்திருக்க வேண்டும், வாயெல்லாம் சிராய்கள். பாதர் அந்த வட்டத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் முகத்தை அப்போது நான் பக்கவாட்டில் பார்த்தேன். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டதோ என்று பயந்தேன்.

வனவிலங்குகளைப் பார்க்கும் வனஜீவிக் காரியாலயத்துக்கு அறிவித்தாயிற்று. மயக்க ஊசி போடுகிற மிருக வைத்தியர் தூரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை யாரும் நெருங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்றார்கள். ஆனால் வீதிவரை செய்தி போய்விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட ஏறி வந்தார்கள். கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினார்கள். பாதர் கூட்டத்துக்கும் சிறுத்தைக்கும் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, பின்னால் போகும்படி கெஞ்சினார். எங்கள் கோயிலில் யாரிடமும் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சிறுத்தை அவர் முதுகுக்குப் பின்னால் படுத்து, விலா ஏறி இறங்க, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கியதுபோலத்தான் இருந்தது. அப்போது படம் எடுக்க அது முகத்தைத் திருப்ப வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் கல்லெறிந்தார்.

அது எழும்பிய வேகத்தில் கம்பி அறுந்தது. பாதர் திரும்புவதற்குள் அது அவர் மேல் இருந்தது. மனிதத் தலைத்தோல் அப்படிக் கழன்று வரும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். நெற்றியிலிருந்து பின்னோக்கி ஒரு துணியை மடிப்பதுபோல் மடிந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்து, அடுத்த கணமே இரத்தம் நிறைந்து மறைத்தது. பிறகு இடது தோளைக் கவ்வி உலுக்கியது. கூட்டம் சரிவில் உருண்டு ஓடியது. ஓடாமல் முன்னால் பாய்ந்தவர் ஒரே ஒருவர். கோயில்பிள்ளை தன் கிழங்கு நிலத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அதன் முதுகில் போட்டார். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது பாதரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியது, ஆனால் பின்னங்கால்கள் வரவில்லை. இன்னொருமுறை தலையில் போட்டார். அது விழுந்தது.

அதோடு நின்றிருக்கலாம். ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். தடி, கத்தி, அலவாங்கு, கையில் கிடைத்ததெல்லாம் கொண்டு அடித்தார்கள். அது செத்து வெகுநேரமான பிறகும் அடித்தார்கள். கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மனிதர்கள் அவர்கள். ஒருவர் அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்க, இன்னொருவர் படம் எடுத்தார். வனஜீவி உத்தியோகத்தர்கள் வந்தபோது அதன் முன்னங்கால்களில் நகங்கள் இல்லை. யாரோ குறட்டால் பிடுங்கியிருந்தார்கள். பற்களும் இரண்டு போயிருந்தன.

நான் பாதரிடம் ஓடினேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். எழக்கூடிய நிலையில் இருந்தவரில்லை, ஆனாலும் எழுந்தார். ஒரு கண் இரத்தத்தில் மூடியிருந்தது. அவரைத் தாங்கிப் பிடிக்கத்தான் கோயில்பிள்ளை அழுதுகொண்டே, மண்வெட்டியை விடாமலே, மற்றக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதர் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, பிடியால் அவர் முகத்தில் அடித்தார். ஒரே அடி. நல்ல கையின் முழுப் பலமும் அதில் இருந்தது. கோயில்பிள்ளையின் வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. பற்கள் சேற்றில் விழுந்தன. அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. பாதர் மறுபடியும் ஓங்கினார். ஓங்கியபடியே மயங்கி விழுந்தார்.

வீதியில் இரும்புக்கடை வைத்திருந்த, நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், தன் வான் வண்டியைக் கோயில் படிவரை பின்னுக்கு எடுத்து வந்தார். தலைமுறைகளாக இந்த ஊரில் இருக்கும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சாரத் துணிகளைப் பிரித்துப் பாதரின் தலையைச் சுற்றினார். பின்னிருக்கையில் பாதரைக் கிடத்தினோம். முன்னிருக்கையில் கோயில்பிள்ளை, தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இரத்தத்தை ஒரு பொலித்தீன் பையில் துப்பியபடி. கண்டிவரை நானா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தங்கச்சி, அவர உறங்க உடாதீங்க. பேசிட்டே வாங்க." மறுநாள் பூசைக்கான மன்றாட்டு மட்டும்தான் என் நாவில் இருந்தது. மண்ணுக்காக, நீருக்காக, மரங்களுக்காக என்று அதைச் சொல்லிக்கொண்டே போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடக்கும்போது முன்னிருக்கையில் கோயில்பிள்ளையின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே கட்டிடத்தில், வேறு வேறு மாடிகளில் இருந்தார்கள். பாதருக்குத் தலையெல்லாம் தையல், தோளில் இரண்டு சத்திரசிகிச்சை. கோயில்பிள்ளையின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. நான் பாடசாலை முடிந்து கஞ்சியை வடிகட்டி எடுத்துக்கொண்டு போவேன். அவர் குழாயால் உறிஞ்சுவார். அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"எங்க வீட்டுக்காரரு அவரு உசுரக் காப்பாத்துனாரு டீச்சர்," என்றாள் ஒருநாள். "அவரு இவரு வாய ஒடச்சாரு. இத நான் எந்தச் சாமிகிட்டப் போய்ச் சொல்ல?"

நான் கஞ்சிக் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

பங்குப் பேரவைப் பெரியவர்கள் அதற்கொரு வழி வைத்திருந்தார்கள். அடித்தது சிறுத்தை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது கோயில்பிள்ளை அப்படியே தலையசைத்தார். சிறுத்தைதான் தன் முகத்தில் அறைந்தது என்று கையால் காட்டினார். மேல் மாடியில் பாதரிடம் சுருக்கு வைத்தது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்று அவர் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் செத்த விலங்கின் மேல் எல்லாவற்றையும் போட்டாயிற்று. எனக்கு அது பொறுக்க முடியாததாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் இடம் என்னுடையதல்ல என்று நினைத்தேன்.

தள்ளிப்போன நன்றிப் பூசை ஒக்டோபர் மழை தொடங்கிய பிறகு நடந்தது. கண்டியிலிருந்து வேறொரு குருவானவர் வந்து பூசை வைத்தார். பாதர் அங்கி உடுக்கவில்லை. தலையில் கட்டோடு, கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பீடத்தின் முன்னால் அந்த வருடமும் மண்ணும் தண்ணீரும் மிளகும் இருந்தன. கோழிகள் இல்லை, உயிருள்ள எதையும் கொண்டுவர யாருக்கும் மனம் வரவில்லை. நற்கருணை முடிந்ததும் மன்றாட்டை வாசிக்கும்படி அந்தக் குருவானவர் பாதரைக் கூப்பிட்டார். அவர் முன்னால் வந்தார். மண்ணுக்காக என்றார். நாங்கள் நன்றி சொன்னோம். நீருக்காக, மரங்களுக்காக, பறவைகளுக்காக. எங்கள் குரல் ஒவ்வொன்றுக்கும் சிறுத்துக்கொண்டே போனது. "காட்டில் நடமாடும்" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் தாளை மடித்தார்.

"கோயில்பிள்ளையின்ர தாடையை உடைச்சது சிறுத்தை இல்ல," என்றார். "நான். அவர் என்னைக் காப்பாத்தின கையோட நிண்டவர். நான் அடிச்சன். திரும்பவும் அடிக்கத்தான் ஓங்கினனான்."

அவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், கோயில்பிள்ளை நின்ற தூணருகே முழங்காலில் இருந்தார். ஒற்றைக் கையால் சமாளிக்க முடியாமல் சாய்ந்து, நிலத்தில் கையூன்றிக்கொண்டார். கோயில்பிள்ளை பதறிப்போய் அவரைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு அவரும் பக்கத்தில் முழங்காலிட்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கட்டப்பட்ட பற்களுக்கு நடுவே ஒரு சத்தம் வந்தது. சொற்கள் நசுங்கி, எச்சிலோடு சேர்ந்து வந்ததால் முதலில் விளங்கவில்லை. இரண்டாவது முறைதான் விளங்கியது. பாதர் முடிக்காமல் விட்ட அந்த வரிக்கான பதிலை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உமக்கு நன்றி, ஆண்டவரே.

கல்லெறிந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் அன்று பூசையில் இருந்தாரோ என்னவோ. தடியால் அடித்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பதிலைச் சொன்னார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டிய நானும் சொன்னேன். கோயில்பிள்ளையின் மனைவி மட்டும் சொல்லவில்லை. அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, பாதரின் தலைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

பூசை முடிந்த கையோடு பாதர் பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முறைப்பாடு இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதே மேசையில், கேட்காமலே, சுருக்கு தன்னுடையது என்றும் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கொஞ்சக் காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில் இரும்புக்கடை நானா அந்த வீட்டுக்கு அரிசி அனுப்பினார். பாதரை ஊழியத்திலிருந்து சிலகாலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கோயிலுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் யாரிடமும் விடைபெறவில்லை. விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டார்.

இப்போது எங்கள் கோயிலில் இளம் குருவானவர் ஒருவர் இருக்கிறார். நன்றிப் பூசை தொடர்ந்து நடக்கிறது. பிள்ளைகள் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு கன்றுகளை ஏந்தி வருகிறார்கள். திரையில் நீர்வீழ்ச்சியும் பட்டாம்பூச்சியும் காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் கண்ணீர்கூட விடுகிறார்கள். கோயில்பிள்ளைதான் இன்னும் மணியடிக்கிறார். கிழங்கு போடுவதை விட்டுவிட்டார்; பன்றிகள் இப்போது பக்கத்து நிலத்துக்கு வருகின்றன, அங்கே யாராவது சுருக்கு வைக்கிறார்கள், அதைப் பற்றி அவர் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அவர் முகம் ஒரு பக்கம் சரிந்தே நின்றுவிட்டது. படம் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மறைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு வருடமும் அந்தப் பூசை முடிந்ததும் பாதர் எனக்கு ஃபோன் எடுப்பார். எப்படி நடந்தது, எவ்வளவு சனம் வந்தது என்றெல்லாம் கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒன்றேதான். இந்த வருடமும் அதைத்தான் கேட்டார்: "டீச்சர், அவருக்கு இப்ப கடிச்சுச் சாப்பிட ஏலுதோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே கோயில்பிள்ளை ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து, தேத்தண்ணீரில் ஊறவைத்து, நல்ல பக்கத்தால் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இல்லை பாதர், நனைத்துத்தான் சாப்பிடுகிறார் என்று உள்ளதைச் சொன்னேன். யாரோடு பேசுகிறேன் என்பதை அவள் ஊகித்திருக்க வேண்டும். கையை நீட்டி என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கினாள். அவள் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பேசவில்லை. கணவரின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, கைப்பேசியை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

அவர் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். விரல்களைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"பாதர்," என்றார். "சாப்டீங்களா?"